கறவை மாடுகளின் புரத, தாது உப்பு ஊட்டமும் சூழல் தாக்கமும்

கறவை மாடுகளின் புரத, தாது உப்பு ஊட்டம் என்பது பால் தரும் மாடுகளுக்கு நைட்ரசன் கொண்ட சேர்மங்களையும், கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், செம்பு, துத்தநாகம் முதலிய தனிமங்களையும் தீவனத்தின் வழியாக அளிப்பதைக் குறிக்கும். கால்நடை அறிவியலில் இது நெடுங்காலம் பால் அளவு, சினைப்பிடிப்பு, உடல்நலம் ஆகியவற்றோடு மட்டுமே தொடர்புபடுத்தப்பட்டது. 1980களுக்குப் பின்னரே, மாடுகள் செறிவாக வளர்க்கப்படும் நாடுகளில் நிலத்தடி நீர், ஏரிகள், காடுகள் ஆகியவற்றுக்கு நேர்ந்த கேட்டினால் இது ஒரு சூழலியல் சிக்கலாகவும் ஆராயப்படலாயிற்று.

இதன் அடிப்படை எளியது. மாடு உண்ணும் நைட்ரசனும் பாஸ்பரசும் அழிந்து போவதில்லை. பாலாகவோ, கன்றாகவோ, தசையாகவோ மாறாத பகுதி முழுவதும் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகின்றது. ஆகவே ஒரு பண்ணையின் மாசு எவ்வளவு என்பது எருக்குழிக்கு வருமுன்னரே, தீவனத் தொட்டியில் பெருமளவு முடிவாகி விடுகின்றது.

புரதமும் முதல் இரைப்பையும்

தீவனத்தின் புரத அளவு வழக்கமாகக் 'கச்சாப் புரதம்' என்னும் கணக்கில் குறிக்கப்படுகின்றது. தீவனத்தில் உள்ள நைட்ரசனை 6.25 ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரசன் உள்ளது என்னும் கணிப்பே இதற்கு அடிப்படை. யூரியா போன்ற புரதம் அல்லாத நைட்ரசனும் இக்கணக்கில் புரதமாகவே எண்ணப்படும் என்பது குறிப்பிடத்தக்கது.

அசைபோடும் விலங்குகளில், உண்ட புரதம் நேரே குடலைச் சென்றடைவதில்லை. ரூமன் எனப்படும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதன் பெரும்பகுதியைச் சிதைத்து அமோனியாவாக்குகின்றன. பின்னர் அதே அமோனியாவைக் கொண்டு தமது உடலின் புரதத்தைக் கட்டிக் கொள்கின்றன. இந்நுண்ணுயிரிகள் உணவோடு சேர்ந்து சிறுகுடலை அடைந்து அங்கே செரிக்கப்படுகின்றன. எனவே மாட்டின் புரதத் தேவையில் பெரும்பங்கை நிறைவு செய்வது நுண்ணுயிரிப் புரதமே. வைக்கோலை மட்டும் தின்னும் மாடும் ஏதோ சிறிது பால் தருவதற்கு இதுவே காரணம்.

அமோனியாவைப் புரதமாக மாற்ற நுண்ணுயிரிகளுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் மாவுச்சத்து, சர்க்கரை, செரிக்கக்கூடிய நார் ஆகியவற்றில் இருந்து வருகின்றது. புரதம் மிகுந்து ஆற்றல் குறைந்தால், அல்லது இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால், அமோனியா பயன்படாமல் தேங்கும். தேங்கிய அமோனியா இரைப்பைச் சுவர் வழியே குருதியில் கலந்து கல்லீரலை அடைகின்றது. அமோனியா நஞ்சாதலால் கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றுகின்றது. யூரியாவில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் மீண்டும் ரூமனுக்குத் திரும்பும். எஞ்சியது சிறுநீரில் வெளியேறும். புரதம் குறைந்த தீவனம் உண்ணும் மாடுகளில் திரும்பும் பகுதி கூடுதலாகவும், புரதம் மிகுந்த தீவனம் உண்ணும் மாடுகளில் வெளியேறும் பகுதி கூடுதலாகவும் இருக்கும்.

மிகுதியாகப் பால் தரும் மாடுகளுக்கு நுண்ணுயிரிப் புரதம் மட்டும் போதாது. ரூமனில் சிதையாமல் தப்பிச் சிறுகுடலை அடையும் புரதமும் தேவைப்படுகின்றது. இது பைபாஸ் புரதம் என்று அழைக்கப்படுகின்றது. பிண்ணாக்கைச் சூடாக்கியோ, ஃபார்மால்டிஹைடு கொண்டு பதப்படுத்தியோ இதனைக் கூட்டலாம். இந்த இரு தேவைகளையும் தனித்தனியே கணக்கிடும் முறைகள் பல நாடுகளில் உருவாயின. 1991 இல் நெதர்லாந்தில் அறிமுகமான முறை இரு எண்களைத் தருகின்றது. ஒன்று, சிறுகுடலில் செரிக்கப்படும் புரதம். மற்றது, ரூமனில் சிதையும் புரதத்துக்கும் அங்குள்ள ஆற்றலுக்கும் இடையிலான மிச்சம் அல்லது பற்றாக்குறை. இரண்டாவது எண் சுழியத்துக்கு அருகில் இருந்தால் வீணாகும் நைட்ரசன் குறைவு என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

நாளொன்றுக்கு 30 கிலோ பால் தரும் மாடு ஒன்று 21 கிலோ உலர்பொருள் உண்பதாகவும், அதில் 17 விழுக்காடு கச்சாப் புரதம் இருப்பதாகவும் கொள்வோம். அது உண்ணும் புரதம் 3.57 கிலோ, நைட்ரசனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 570 கிராம். பாலில் 3.3 விழுக்காடு புரதம் இருந்தால், பாலின் வழியே வெளிச்செல்லும் நைட்ரசன் 155 கிராம் மட்டுமே. எஞ்சிய 415 கிராமில் சுமார் 160 கிராம் சாணத்திலும் 250 கிராம் சிறுநீரிலும் போகும். அதாவது உண்ட நைட்ரசனில் கால் பங்கிற்குச் சற்று மேற்பட்டதே பாலாகின்றது. செறிவான பண்ணைகளில் இவ்விகிதம் பொதுவாக 25 முதல் 30 விழுக்காடாகவே உள்ளது.

இதே மாட்டிற்குப் புரதம் 15.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, ஆற்றலும் பைபாஸ் புரதமும் குறையாமல் பார்த்துக் கொள்ளப்பட்டால், உட்கொள்ளும் நைட்ரசன் 520 கிராமாகக் குறையும். பால் குறையாதவரை, இந்த 50 கிராம் குறைவு பெரும்பாலும் சிறுநீரிலேயே தெரியும். சிறுநீர் நைட்ரசன் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சாணத்தில் உள்ள நைட்ரசனில் அவ்வளவு மாற்றம் இராது. இவ்வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் சூழலுக்கு விரைந்து தீங்கு செய்வது சிறுநீரின் நைட்ரசனே.

சிறுநீரும் சாணமும்

சிறுநீரில் உள்ள யூரியா தனித்து நிற்கும்போது எளிதில் ஆவியாவதில்லை. அதனை அமோனியாவாகப் பிளக்கும் யூரியேஸ் என்னும் நொதி சாணத்தில் உள்ள நுண்ணுயிரிகளில் நிறைந்துள்ளது. கொட்டகைத் தரையில் இரண்டும் கலந்தவுடன் சில மணி நேரத்திற்குள் அமோனியா எழும்பத் தொடங்கும். பலர் நினைப்பதுபோல நாட்பட்ட எருக்குழி மட்டும் அமோனியாவின் மூலம் அன்று. அன்றாடம் நனையும் தரையே பெரிய மூலம். மேய்ச்சல் நிலத்தில் சிறுநீர் மண்ணுக்குள் விரைவாக இறங்கி விடுவதாலும், சாணம் வேறிடத்தில் விழுவதாலும் அமோனியா இழப்பு குறைவு. சாணத்தையும் சிறுநீரையும் பிரித்து வடியச் செய்யும் தரையமைப்புகள் இதே கருத்தில் உருவானவை.

காற்றில் கலந்த அமோனியாவின் ஒரு பகுதி பண்ணையைச் சுற்றியே படிகின்றது. மறுபகுதி வாகனங்கள், ஆலைகள் ஆகியவற்றில் இருந்து வரும் கந்தக, நைட்ரசன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து அம்மோனிய சல்பேட்டு, அம்மோனிய நைட்ரேட்டு நுண்துகள்களாக நெடுந்தொலைவு செல்கின்றது. இத்துகள்கள் நுரையீரலின் உட்பகுதிவரை செல்லக்கூடியவை.

ஊட்டம் குறைந்த மண்ணில் வாழப் பழகிய செடிகளுக்கு அமோனியாப் படிவு தேவையற்ற உரமாகின்றது. புற்களும் முட்செடிகளும் செழித்து அவற்றை மூடி விடுகின்றன. மேலும் மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தன்மை கூடி, மண்ணின் கால்சியம் கரைந்து போகின்றது. நெதர்லாந்தின் வெலுவே காட்டுப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், அமிலமான மண்ணில் நத்தைகள் அருகியதையும், நத்தை ஓட்டில் இருந்து கால்சியம் பெற்று வந்த சிட்டு வகைப் பறவைகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டதையும் காட்டின. தாது உப்புக் கலவையில் மாடுகளுக்குக் கால்சியம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில், காட்டுப் பறவைக்கு அது இல்லாமற் போனது ஒரு முரண்.

மண்ணில் சேர்ந்த நைட்ரசனின் ஒரு பகுதி நைட்ரேட்டாக மழைநீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரை அடைகின்றது. குடிநீரில் நைட்ரேட்டு மிகும்போது கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து உண்டு. உலக சுகாதார அமைப்பு இதற்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் வரம்பைப் பரிந்துரைக்கின்றது. மற்றொரு சிறு பகுதி நைட்ரசு ஆக்சைடாக வளிமண்டலத்தில் கலக்கின்றது. நூறாண்டுக் கணக்கில் இவ்வளிமம் கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமாக்கும் திறன் உடையது.

மேய்ச்சலையே நம்பியுள்ள நியூசிலாந்தில் சிக்கலின் வடிவம் வேறு. அங்கு மிகைப் புரதம் மூட்டைத் தீவனத்தில் இருந்து வருவதில்லை. பச்சைப் புல்லிலும் குளோவரிலும் இருந்தே வருகின்றது. மாடு ஓரிடத்தில் சிறுநீர் கழிக்கும்போது, அச்சிறு பரப்பில் விழும் நைட்ரசன் எக்டேர்க் கணக்கில் பல நூறு கிலோவுக்குச் சமமாகும். புல்லால் அவ்வளவையும் உறிஞ்ச இயலாது. குளிர்கால மழையில் எஞ்சியது கசிந்து விடும். டௌபோ ஏரியைக் காக்க அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பண்ணைகளுக்கு நைட்ரசன் உச்சவரம்பு விதிக்கப்பட்டதன் காரணம் இதுவே.

பால் யூரியா

குருதியில் உள்ள யூரியா தடையின்றிப் பாலிலும் கலக்கும். ஆகவே பாலின் யூரியா அளவைக் கொண்டு மாட்டின் புரத ஊட்டம் மிகையா, குறைவா என்பதை ஓரளவு அறியலாம். பால் யூரியா நைட்ரசன் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 14 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கருதப்படுகின்றது. அதற்கு மேற்பட்டால் புரதம் வீணாகின்றது என்று பொருள். மிகக் குறைந்தால் ரூமன் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரசன் போதவில்லை என்று பொருள். சில நாடுகள் இந்த அளவை யூரியாவாகவே குறிக்கின்றன; யூரியா நைட்ரசனை 2.14 ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். இரு நாடுகளின் எண்களை ஒப்பிடுவோர் இதனைக் கவனிக்காமல் குழம்புவது உண்டு.

தனியொரு மாட்டின் அளவைவிட, மந்தை முழுவதின் சேர்மத் தொட்டிப் பாலில் எடுக்கும் அளவே நம்பத்தக்கது. இனம், கறவை நாள், தண்ணீர், பால் எடுத்த வேளை ஆகியவற்றால் தனி மாட்டின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

பாஸ்பரஸ்

பாஸ்பரஸ் ஊட்டத்தின் வரலாறு பற்றாக்குறையில் தொடங்குகின்றது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இறந்த விலங்குகளின் எலும்புகளைத் தேடித் தின்று, பின்னர் உடல் செயலிழந்து இறந்தன. ஆண்டர்ஸ்டபூர்ட் ஆய்வகத்தை 1908 இல் நிறுவிய ஆர்னல்ட் தீலர், 1920களில் இதன் முடிச்சை அவிழ்த்தார். மண்ணிலும் புல்லிலும் பாஸ்பரஸ் இல்லாமையால் மாடுகளுக்கு எலும்பின் மீது வெறி எழுந்தது. அழுகிய எலும்பில் இருந்த பொட்டுலிசக் கிருமியின் நஞ்சு அவற்றைக் கொன்றது. எலும்புத் தூள் கொடுக்கப்பட்ட மாடுகள் நோயில் இருந்து தப்பியதோடு, முன்னினும் ஒழுங்காகச் சினை பிடித்துக் கன்றும் ஈன்றன.

பாஸ்பரஸ் கொடுத்தால் மாடு சினை பிடிக்கும் என்னும் நம்பிக்கை இங்கிருந்தே பரவியது. வறண்ட நிலத்தின் பட்டினி மாடுகளுக்கு அது முழு உண்மை. ஆனால் தவிடும் பிண்ணாக்கும் நிறைய உண்ணும் மாடுகளுக்கும் அதே அறிவுரை தொடர்ந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் 1990களில் தீவன உலர்பொருளில் 0.45 முதல் 0.50 விழுக்காடுவரை பாஸ்பரஸ் இருப்பது வழக்கமாயிற்று. சினைப்பிடிப்பு தவறினால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் ஒரு பிடி தாது உப்பின் விலை பெரிதன்று என்பதே பண்ணையாளரின் கணக்கு. தீவனம் விற்பவருக்கும் அக்கணக்கில் மறுப்பு இருந்திருக்க முடியாது.

விசுகான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள அமெரிக்கப் பால்மாட்டுத் தீவன ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரி சாட்டரும் அவரது குழுவினரும் மாடுகளைக் குறைந்த பாஸ்பரசிலும் மிகுந்த பாஸ்பரசிலும் வைத்து ஒப்பிட்டனர். தேவையை நிறைவு செய்யும் அளவுக்கு மேல் கொடுத்ததால் பாலிலோ சினைப்பிடிப்பிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. 2001 இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் ஊட்டப் பரிந்துரை, பால் அளவிற்கேற்பப் பெரும்பாலும் 0.32 முதல் 0.38 விழுக்காடே போதும் என்றது.

மேற்கண்ட 30 கிலோ பால் மாட்டையே எடுத்துக்கொண்டால், 0.48 விழுக்காட்டில் அது நாளொன்றுக்கு 101 கிராம் பாஸ்பரஸ் உண்ணும். பாலில் செல்வது 27 கிராம். ஏனைய 74 கிராமும் ஏறத்தாழ முழுவதுமாகச் சாணத்தில் செல்லும். சிறுநீரில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. 0.36 விழுக்காடாகக் குறைத்தால் சாணப் பாஸ்பரஸ் 49 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. மிகையாக உண்ட பாஸ்பரஸ் சாணத்தில் நீரில் கரையும் வடிவிலேயே அதிகம் இருப்பதால், மழைக்கு அடித்துச் செல்லப்படும் பகுதி இவ்விகிதத்தினும் கூடுதலாகக் குறையும்.

தானியங்களிலும் பிண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட்டு என்னும் வடிவில் பூட்டப்பட்டுள்ளது. கோழியும் பன்றியும் இதனைத் தாமே செரிக்க இயலாமையால் அவற்றின் தீவனத்தில் பைட்டேஸ் நொதி சேர்க்கப்படுகின்றது. மாட்டின் ரூமன் நுண்ணுயிரிகள் அந்நொதியைத் தாமே சுரக்கின்றன. ஆகவே தவிடும் பிண்ணாக்கும் உண்ணும் கறவை மாட்டிற்குத் தனியாகப் பாஸ்பரஸ் உப்புச் சேர்ப்பது பல நேரங்களில் தேவையற்றது.

நைட்ரசன் காற்றிலும் நீரிலும் பல வழிகளில் தப்பும். பாஸ்பரஸ் மண்ணிலேயே தங்கும். எருவை நைட்ரசன் தேவையைக் கணக்கிட்டு வயலில் இட்டால், பயிர் எடுப்பதைக் காட்டிலும் கூடுதலான பாஸ்பரஸ் ஆண்டுதோறும் சேரும். மண் நிறைந்தபின் அது அரிப்போடும் வடிகால் நீரோடும் ஏரிகளை அடைகின்றது. நன்னீரில் பாசியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் பாஸ்பரசே ஆகையால், சிறிதளவு வரத்தும் நீர்நிலையைப் பச்சையாக்கப் போதுமானது. பாசி மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிசன் தீர்ந்து மீன்கள் இறக்கின்றன. புளோரிடாவின் ஓக்கிசோபி ஏரியில் 1980களில் பரவிய பாசிப்பெருக்கிற்குப் பின், ஏரியின் வடபுறப் பால்பண்ணைகளுக்கு 1987 இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. சில பண்ணைகளை அரசே பணம் கொடுத்து மூடச் செய்தது. ஆயினும் மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பாஸ்பரஸ் பின்னரும் ஏரிக்கு வந்துகொண்டே இருந்தது.

பிற தாது உப்புகள்

பொட்டாசியத்தை யாரும் மாட்டிற்கு வேண்டுமென்று மிகையாகக் கொடுப்பதில்லை. வயல் கொடுத்து விடுகின்றது. எரு மிகுதியாக இடப்பட்ட நிலத்தின் புல்லில் பொட்டாசியம் கூடி, மக்னீசியத்தை மாடு உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. விளைவு, வலிப்புடன் கூடிய புல் இசிவு நோய். புல்லில் பொட்டாசியத்திற்கும், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள சமான விகிதம் 2.2 ஐத் தாண்டினால் இந்நோயின் ஆபத்து விரைந்து கூடும் என்று டச்சு ஆய்வாளர்கள் 1957 இல் காட்டினர். கன்று ஈனும் தறுவாயில் உள்ள மாட்டிற்கு இத்தகைய புல் பால் காய்ச்சலையும் வரவழைக்கும். மிகை எரு மாட்டிற்கே திரும்பித் தீங்கு செய்வதற்கு இது தெளிவான சான்று.

பால் காய்ச்சல் என்பது பெயரில் மட்டுமே காய்ச்சல். உண்மையில் ஈன்றவுடன் குருதியில் கால்சியம் சரிவதால் மாடு எழ முடியாமற் போகும் நிலை. ஈனுவதற்கு முன் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் இது தடுக்கப்படும் என்னும் எண்ணம் தவறானது. அவ்வாறு கொடுப்பதால் எலும்பில் இருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் இயக்கம் மந்தமாகி, நோய் வரும் வாய்ப்பே கூடும்.

செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவில் தேவைப்படுபவை. மாடு உண்ணும் செம்பின் மிகச் சிறு பகுதியே உடலில் சேர்கின்றது. எஞ்சியது சாணத்தோடு வயலை அடைகின்றது. உலோகம் சிதைவடைவதில்லை என்பதால், அங்கே அது ஆண்டுக்காண்டு கூடும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ந்த மாடுகளின் தீவனத்தில் செம்பின் உச்ச அளவை 2018 இல் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று குறைத்தது. தீவனத்தைவிடப் பெரிய வரத்து வேறொன்று உண்டு. குளம்பு நோயைத் தடுக்க மாடுகளை மயில்துத்தக் கரைசலில் நடத்திச் செல்வது பெரிய பண்ணைகளில் வழக்கம். 200 லிட்டர் கொண்ட 5 விழுக்காட்டுக் கரைசலில் 10 கிலோ மயில்துத்தம், அதாவது சுமார் 2.5 கிலோ செம்பு இருக்கும். பயன்படுத்திய கரைசல் எருக்குழியில் ஊற்றப்பட்டு வயலுக்குச் செல்கின்றது. செம்பு நஞ்சுக்கு மிக எளிதில் ஆளாகும் செம்மறி ஆடுகளை அத்தகைய வயலில் மேய விடுவது ஆபத்தானது.

நெதர்லாந்தில் ஏற்பட்ட நெருக்கடி

தீவனத்திற்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பு அரசியலாக வெடித்த நாடு நெதர்லாந்து. இரண்டாம் உலகப்போருக்குப் பின், தன் நிலம் தாங்கும் அளவினும் மிகுதியான கால்நடைகளை இந்நாடு வளர்க்கலாயிற்று. ராட்டர்டாம் துறைமுகம் வழியாகத் தென் அமெரிக்கச் சோயாவும், தாய்லாந்தின் மரவள்ளிக் கிழங்குத் துண்டுகளும் வந்திறங்கின. பாலும் இறைச்சியும் ஏற்றுமதியாயின. அவற்றில் சேராத நைட்ரசனும் பாஸ்பரசும் அந்தச் சிறு நாட்டிலேயே தங்கின. பிரேசில் நிலம் இழந்த ஊட்டம் டச்சு நிலத்தில் மிகையூட்டமாயிற்று என்று சொல்வது பொருந்தும்.

1984 இல் ஐரோப்பியப் பால் ஒதுக்கீடு வந்தது. 1987 முதல் எருவில் உள்ள பாஸ்பேட்டிற்கு எக்டேர்வாரி வரம்பு நடைமுறைக்கு வந்தது. 1990களில் சாணக்குழம்பை வயலின் மேல் தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்துவது கட்டாயமாயிற்று. இவற்றாலும் குழிகளை மூடியதாலும் 1990க்கும் 2010களின் நடுப்பகுதிக்கும் இடையே அமோனியா வெளியீடு 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 1998 இல் தொடங்கிய மினாஸ் என்னும் முறை, பண்ணைக்குள் வரும் தீவனம், உரம் ஆகியவற்றின் நைட்ரசன், பாஸ்பேட்டையும், வெளிச்செல்லும் பால், இறைச்சி, எரு ஆகியவற்றில் உள்ளதையும் கணக்கிட்டு, மிகைக்கு வரி விதித்தது. தீவனத்தைக் குறைத்த விவசாயிக்கு நேரடியாகப் பயன் தந்த முறை இது. எனினும் இது ஐரோப்பிய நைட்ரேட்டு நெறிமுறைக்கு இசைந்ததன்று என ஐரோப்பிய நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்ததால் 2006 இல் கைவிடப்பட்டு, வயலில் இடும் அளவுக்கான வரம்புகள் அதனிடத்தைப் பிடித்தன.

2015 ஏப்ரல் 1 அன்று பால் ஒதுக்கீடு நீங்கியது. அதனை எதிர்பார்த்தே விவசாயிகள் மாடுகளைப் பெருக்கியிருந்தனர். 2012 இல் சுமார் 15 லட்சமாக இருந்த கறவை மாடுகள் 2016 இல் 17 லட்சத்தைத் தாண்டின. கால்நடைகள் வெளியேற்றும் பாஸ்பேட்டிற்கு ஆண்டொன்றுக்கு 17.29 கோடி கிலோ என்று ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு மீறப்பட்டது. 2017 இல் அவசரத் திட்டம் ஒன்று வந்தது. அதன் பகுதிகளுள் ஒன்று மாடுகளைக் குறைப்பது. மற்றொன்று, தீவன ஆலைகள் கலப்புத் தீவனத்தின் பாஸ்பரஸ் அளவைக் குறைப்பது. 2018 சனவரி 1 முதல் பாஸ்பேட்டு உரிமை பெற்றவரே, அந்த அளவுக்கே, மாடு வைத்திருக்கலாம் என்றாயிற்று. ஒதுக்கீடு பாலில் இருந்து நீங்கிச் சாணத்திற்கு மாறியது என்னலாம்.

நைட்ரசன் சிக்கல் 2019 மே 29 அன்று வெடித்தது. இயற்கைக் காப்பிடங்களுக்கு அருகே புதிய திட்டங்களை அனுமதித்து வந்த அரசின் நைட்ரசன் திட்டம் செல்லாது என்று நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் கிடைக்கக்கூடிய குறைப்பை எண்ணி இன்றே அனுமதி வழங்கியது தவறு என்பது தீர்ப்பின் சாரம். பண்ணை விரிவாக்கங்கள் மட்டுமன்றிச் சாலைகளும் வீடுகளும் நின்றன. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று விவசாயிகள் டிராக்டர்களுடன் தி ஹேக் நகரை முற்றுகையிட்டனர்.

இந்நிலையில் 2020 இல் வேளாண் அமைச்சர் கரோலா சௌட்டன் ஒரு விரைவு வழியை முன்வைத்தார். செப்டம்பர் முதல் திசம்பர் வரை கலப்புத் தீவனத்தின் கச்சாப் புரதத்திற்குச் சட்ட வரம்பு விதித்து, அதனால் குறையும் நைட்ரசனைக் கட்டுமானங்களுக்கு ஒதுக்குவது திட்டம். தாளில் பிழையற்ற கணக்கு அது. ஆனால் மாடு உண்பது கலப்புத் தீவனம் மட்டுமன்று. அவ்வாண்டு ஏற்கெனவே அறுத்துப் பதப்படுத்தி வைத்த புல்லின் புரதம் பண்ணைக்குப் பண்ணை வேறுபட்டது. வறண்ட மணல் நிலத்தில் புரதம் குறைந்த புல்லும் மக்காச்சோளமும் வைத்திருந்தவருக்குக் கலப்புத் தீவனமே புரதத்தின் முதன்மை மூலம். அதிலும் வரம்பு வைத்தால் மாட்டின் நலம் கெடும் என விவசாயிகளும் கால்நடை மருத்துவர்களும் எதிர்த்தனர். வல்லுநர் மதிப்பீடும் அவ்வச்சத்தை மறுக்கவில்லை. ஆகஸ்டு 2020 இல், நடைமுறைக்கு வருமுன்னரே, திட்டம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர், 2025க்குள் முழுத் தீவனத்தின் சராசரிப் புரதத்தை உலர்பொருளில் கிலோவுக்கு 160 கிராமாகக் குறைப்பது என்னும் இலக்கு தன்விருப்ப அடிப்படையில் வகுக்கப்பட்டது.

கொள்கை வகுப்போருக்கு இந்நிகழ்வில் ஒரு தொழில்நுட்பப் பாடம் உண்டு. மூட்டையில் உள்ள புரதத்தைச் சட்டத்தால் அளக்கலாம். மாட்டின் ரூமனில் சேர்வதை அளக்கப் புல்லையும் சேர்த்து எண்ண வேண்டும். தன்விருப்ப முறையில் விவசாயி முதலில் புல்லை ஆய்வுக்கு அனுப்பி, பின்னரே மூட்டையைத் தெரிவு செய்கின்றார். மினாஸ் முறையும் இதையே வேறு வழியில் செய்தது.

குறைப்பு முறைகளின் எதிர்விளைவுகள்

புரதத்தைக் குறைப்பதால் வேறு கேடுகள் விளையாமல் இருக்கவும் கவனம் தேவை. புல்லை முற்றவிட்டு அறுத்தால் புரதம் குறையும்; நார் கூடும்; ரூமனில் மீத்தேன் கூடும். அமோனியா குறைந்து மீத்தேன் மிகுவது நல்ல பரிமாற்றம் அன்று. புல்வெளியை உழுது மக்காச்சோளம் பயிரிட்டால் தீவனத்தின் மாவுச்சத்து கூடிப் புரதம் வீணாவது குறையும். ஆயினும் உழுத மண்ணில் இருந்து கார்பனும் நைட்ரேட்டும் இழக்கப்படும். சோயாவிற்கு மாற்றாகக் கடுகினப் பிண்ணாக்கையும் எரிசாராய ஆலைக் கழிவுத் தானியத்தையும் கொடுப்பது நிலத்தேவையைக் குறைக்கும். ஆனால் அவ்விரண்டிலும் பாஸ்பரஸ் மிகுதி. லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களை ரூமனில் சிதையாதவாறு பூசிக் கொடுத்து மொத்தப் புரதத்தைக் குறைப்பது இப்போதுள்ள வழிகளில் துல்லியமானது; விலையும் கூடியது.

பற்றாக்குறை நிலவும் நாடுகள்

இதுவரை கூறியவை மிகையால் விளைந்தவை. இந்தியா போன்ற நாடுகளில் பெரும்பாலான மாடுகளின் நிலை நேர் எதிரானது. நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3 முதல் 4 விழுக்காடே உள்ளது. அது 7 விழுக்காட்டிற்குக் கீழ் போனால் ரூமன் நுண்ணுயிரிகளே சரிவர வளரா. உண்ட நாரும் முழுமையாகச் செரிக்காது. அத்தகைய மாடு உண்பதில் பெரும்பகுதி உயிர் வாழ்வதற்கே செலவாகி, ஒரு லிட்டர் பாலுக்கு வெளியாகும் மீத்தேனும் சாணமும் மிகுதியாகின்றன. ஆகவே இங்கு சிறிது புரதமும் தாது உப்பும் சேர்ப்பது பாலையும் கூட்டும், லிட்டருக்கான மாசையும் குறைக்கும். வைக்கோலை 4 விழுக்காடு யூரியாக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துதல், யூரியா-வெல்லப்பாகுக் கட்டிகள், அந்தந்தப் பகுதி மண்ணின் குறைபாட்டிற்கேற்ற தாது உப்புக் கலவைகள் ஆகியன இந்நோக்கில் பரப்பப்பட்டன.

தேசியப் பால்வள வாரியம் தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில், 2012 முதல் 2019 வரை, சரிவிகிதத் தீவனத் திட்டம் ஒன்றைச் சிற்றூர்களில் நடத்தியது. பயிற்சி பெற்ற ஊரார் ஒருவர் மாட்டின் எடை, பால் அளவு, வீட்டில் உள்ள தீவனம் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து, மலிவான சரிவிகிதத்தைச் சொல்வார். பற்றாக்குறை நாட்டில் நடந்த இத்திட்டத்தில் வெளிப்பட்ட ஒரு செய்தி, எல்லா மாடுகளும் எல்லாவற்றிலும் குறைபட்டவை அல்ல என்பது. கலப்பினப் பசுவை அருமையாக வளர்க்கும் வீட்டில் புண்ணாக்கும் பருத்தி விதையும் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டு, தாது உப்பு மட்டும் இல்லாதிருப்பது உண்டு. அங்கே புரதத்தைக் குறைத்துத் தாது உப்பைச் சேர்த்தபோது தீவனச் செலவு குறைந்தது. நகரங்களின் ஓரத்தில், நிலமின்றி வாங்கிய தீவனத்தை மட்டுமே நம்பி நெருக்கமாக நடத்தப்படும் மாட்டுப் பண்ணைகளில், பற்றாக்குறை நாட்டிற்குள்ளேயே மிகையின் சிக்கல்கள் யாவும் சிறு அளவில் காணப்படுகின்றன. அவற்றின் சாணம் வயலைச் சேராமல் வாய்க்காலைச் சேர்கின்றது.